கால் மைல், போக வர

மீரான் ராவுத்தரும் அவர் தங்கை புருஷன் நஜிமுதீனும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாலக்கரையில் எங்கள் தெருவில் அவர்களைப் போல் தினமும் தவறாமல் பேசிக்கொண்டவர்கள் வேறு யாரும் கிடையாது. காலைத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படி இறங்கும்போது ஆரம்பித்தால், மீரான் தோல் மண்டிக்கும் நஜிமுதீன் சுருட்டுக் கம்பெனிக்கும் கிளம்புகிற வரைக்கும் பேசுவார்கள். பேசியதில் நல்ல வார்த்தை ஒன்றுகூட இருக்காது, அவ்வளவுதான்.

சண்டை ஒரு சந்துக்காக. மீரானின் அத்தா, பெரிய ராவுத்தர், மௌத்தாவதற்கு முன்னால் தன் வீட்டை இரண்டாகப் பிரித்துக் கிழக்குப் பாதியை மகனுக்கும் மேற்குப் பாதியை மகள் ரோஷன் பேகத்துக்கும் கொடுத்தார். இரண்டு பாதிக்கும் நடுவில் தெருவிலிருந்து கொல்லை வரைக்கும் ஒரு சந்து ஓடுகிறது. மேலே ஓடு வேய்ந்தது. தெருப்பக்கம் ஒரு இரும்பு கேட். அவர் காலத்தில் அவருடைய பந்தய மாட்டு வண்டி அதில்தான் நிற்கும். மணப்பாறையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கிய மாடுகள் கொல்லையில் நிற்கும். வீடு பிரிபட்டது, சந்து பிரிபடவில்லை. "அது ரெண்டு பேருக்கும் பொது" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். மனுஷருக்கு மாட்டைப் பற்றி அவ்வளவு தெரியும். மகனையும் மருமகனையும் பற்றி அதில் கால்வாசி தெரிந்திருக்கலாம்.

பொது என்று அவர் சொன்ன சந்தில் ஒரு கார் நிற்கும். ஒன்றே ஒன்று.

முதலில் கார் வாங்கியவர் நஜிமுதீன். கறுப்பு மோரிஸ். வயதான எருமை தண்ணீருக்குப் போவதைப் போல அசைந்து அசைந்து போகும். அதைச் சந்தில் கொண்டுபோய் விட்டார். மீரானிடம் அப்போது கார் கிடையாது. ஆனாலும் பொதுச் சந்தில் தன் பாதியை விட்டுக்கொடுக்க மனசு வருமா? மண்டியிலிருந்து ஈரத் தோல் இரண்டைக் கொண்டுவந்து மோரிஸின் முதுகில் விரித்துப் போட்டுவிட்டுப் போவார். மறுநாள் நஜிமுதீன் காரில் கம்பெனிக்குப் போனால் வாசல் காவலாளி வணக்கம் வைக்கக் கிட்டே வரமாட்டான், தூரத்திலிருந்தே வைப்பான்.

"மச்சான், என் வண்டி மேல செத்த ஆட்டைக் காயப் போட்டிருக்கீங்க."

"வண்டி உங்களது மாப்ள. வண்டிக்கு மேல இருக்கிற காத்து பொது."

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அறுபத்தொன்றாம் வருஷம் மீரானும் ஒரு கார் வாங்கினார். அப்புறம்தான் எங்கள் தெருவுக்கு நல்ல காலம் பிறந்தது என்று சொல்ல வேண்டும்.

ஆனைமலைப் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊருக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன எம்.ஜி. கார் அது. ரத்தச் சிவப்பு. நீளமான மூக்கு, கம்பி போட்ட சக்கரங்கள், இரண்டே இரண்டு சீட். கூரை கிடையாது. மழை வந்தால் இழுத்து மாட்டிக்கொள்ள ஒரு கித்தான் மட்டும் உண்டு. அதுவும் துரையோடு சேர்ந்து ஓய்வு பெற்றுவிட்டது போல நாலு இடத்தில் கிழிந்திருந்தது. மீரான் துரையின் தோல் தொப்பியும் கண்ணை மூடும் பெரிய கண்ணாடியுமாகத் தெருவுக்குள் வந்து இறங்கினார். வீட்டில் நாலு பிள்ளைகள். அவர் மனைவி நசீரா வாசலுக்கு வந்து காரை முன்னும் பின்னும் பார்த்தார்.

"ஏங்க, மீதி வண்டி எப்ப வரும்?"

மீரானுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அன்று சாயங்காலமே பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போய்க் கோயில் வீதியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். சேவிக்க வந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்களாம். "ராவுத்தர்னாலே குதிரை ஏறினவங்கடா. நடுவுல நாலு தலைமுறை மாட்டை ஓட்டினோம். இப்ப மறுபடி குதிரை வந்தாச்சு" என்று டீக்கடையில் சொன்னார். குதிரைக்கு லாயம் வேண்டுமே என்று யாரோ கேட்டார்கள். யார் என்பது முக்கியமில்லை. கேள்வி நியாயமானது.

ஏனென்றால் கூரையில்லாத கார் தெருவில் நிற்க முடியாது. முதல் வாரத்திலேயே அது தெரிந்துபோனது. காக்கைகள் தங்கள் பங்குக்கு வந்து போயின. தெருக்கோடி வெள்ளைச்சாமியின் ஆடுகள் இரண்டு ஏறித் தோல் சீட்டில் ஆளுக்கொன்றாகப் படுத்துக்கொண்டன. ஒன்று சீட்டின் ஓரத்தை மென்றும் பார்த்தது. பரம்பரையாக ஆட்டுத்தோல் விற்கிற மனுஷருடைய காருக்கு ஆடு செய்த காரியத்தைப் பார்த்து எங்கள் தெரு சிரித்த சிரிப்பு ஒரு மாதம் தாங்கியது. மீரான் சிரிக்கவில்லை. துணியை நனைத்துச் சீட்டைத் துடைத்தார். மென்ற இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிள்ளைகளுக்கு அடிபட்டபோதுகூட அவர் அப்படித் தடவி நாங்கள் பார்த்ததில்லை. அந்த வண்டி பிழைக்க வேண்டுமானால் அது சந்துக்குள் போக வேண்டும். அவருக்கு வேறு வழி கிடையாது.

கேட்டார். கேட்ட விதம்தான் கொஞ்சம் அப்படியிப்படி.

"மாப்ள, உங்க வண்டிக்குத் தலை இருக்கு, என் வண்டிக்கு இல்ல. தலை இருக்கிறது வெளிய நிக்கட்டும்."

"தலை இல்லாத வண்டியை யார் வாங்குவாங்க மச்சான்? தனக்கும் இல்லாதவங்கதான் வாங்குவாங்க."

"என் அத்தா கட்டின சந்து அது!"

"என் மாமனார் கட்டினது."

ரோஷன் பேகம் மேற்குவாசலில் முறத்தோடு நின்றுகொண்டு இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரும் அவர் கபர்ல போய்க் கேளுங்க, யாருக்குன்னு. நேரா அங்கேயே இருந்துட்டாலும் சரி" என்றார். அண்ணனையும் புருஷனையும் ஒரே வாக்கியத்தில் அனுப்பி வைக்கத் தெரிந்தவர் அவர்.

இதற்கு நடுவில்தான் பந்தயச் செய்தி வந்தது. உளுந்தூர்ப்பேட்டைக்கு அந்தண்டை யுத்த காலத்தில் போட்ட விமானத் தளம் ஒன்று சும்மா கிடந்தது. அதில் மெட்ராஸ் மோட்டார் கிளப் ஒன்று கார்ப் பந்தயம் நடத்தப் போகிறது என்று இங்கிலீஷ் பேப்பரில் போட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் தன் சொந்தக் காரைக் கொண்டுவரலாம். நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேராக ஓட்ட வேண்டும். ஜோடி ஜோடியாக விடுவார்கள். சவரிநாதனின் ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து நஜிமுதீன்தான் இதைப் படித்தார். தெருமுனையில் இருக்கிற அந்த ஒர்க்‌ஷாப்பில்தான் இரண்டு காருக்கும் ரிப்பேர் நடக்கும். இரண்டு பேரும் அங்கே வந்தால் சவரிநாதன் சுத்தியலை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்.

மீரான் துள்ளி எழுந்தார்.

"இதுக்கு வர்றீங்களா மாப்ள? என் வண்டியும் உங்க வண்டியும். ஜெயிச்சவர் வண்டி சந்துல. தோத்தவர் வண்டி தெருவுல. கடைசி வரைக்கும். பேச்சு மாறக் கூடாது."

எல்லோரும் நஜிமுதீனைப் பார்த்தோம். மறுக்கத்தான் போகிறார் என்று நினைத்தோம். மோரிஸை எம்.ஜி.யோடு ஓடவிடுவது கட்டைவண்டி மாட்டைப் பந்தய மாட்டோடு பூட்டுவதைப் போல. நஜிமுதீன் பேப்பரை மடித்தார். "சரி" என்றார்.

"சரியா?"

"சரின்னா சரி மச்சான். சவரிநாதன் சாட்சி. கேட் சாவியும் அவர்கிட்டயே இருக்கட்டும். அதுவரைக்கும் ரெண்டு வண்டியும் தெருவுல."

மீரானுக்கே கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது. எதையாவது கேட்க வேண்டுமே என்பது போலக் கேட்டார்.

"தூரம் எவ்வளவு?"

"கால் மைல்."

"போக வரவா?"

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். நம் பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயத்தில் தூரம் சொன்னால் போக வர என்றுதான் சொல்வார்கள். கிளம்புகிற இடத்திலிருந்து எல்லைக்குப் போய், எல்லையைச் சுற்றித் திரும்பி, கிளம்பிய இடத்துக்கே முதலில் வந்து சேருகிறவன்தான் ஜெயித்தவன். திரும்புகிற இடத்தில்தான் பாதிப் பந்தயம். வேகமாகப் போய் எல்லையில் மாட்டைத் திருப்பத் தெரியாமல் வயலில் இறங்கிய வண்டிகளை மீரான் எத்தனையோ பார்த்திருக்கிறார். போய்விட்டு அப்படியே நின்றுவிடுவது பந்தயம் என்று அவரிடம் யாராவது சொன்னால், பெண் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் வருகிற மாதிரி என்று சொல்லிச் சிரித்திருப்பார்.

நஜிமுதீன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று அதில் அழுக்கு எதுவும் இல்லை.

"போனவங்க வரணும்ல மச்சான்? பின்னே அங்கேயே குடித்தனமா பண்ணப் போறாங்க?"

எல்லோரும் சிரித்தோம். மீரானும் சிரித்தார். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் சிரித்தது அந்த வருஷத்தில் அது ஒரு தடவைதான்.

அதற்கப்புறம் மீரான் பழகிய பழக்கம் இருக்கிறதே! ஜீயபுரத்துப் பக்கம் வாழைத் தோட்டத்து ஓரமாக நல்ல அகலமாக ஒரு மண் தரை உண்டு. அங்கே ஒரு காலி டிரம்மை நட்டு வைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் போவார். வேகமாகப் போவது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. டிரம்முக்குக் கிட்டே வந்ததும் பிரேக்கை மிதித்து, கை பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கை ஒடித்து, புழுதி கிளம்ப வண்டியை அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பி, வந்த வழியே பறப்பார். இதையேதான் திரும்பத் திரும்பச் செய்தார். வாழைத்தார் வெட்ட வந்தவர்களெல்லாம் அரிவாளோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். டிரம் மேல் படாமல் ஒரு சாண் இடைவெளியில் திருப்புவார். பழகப் பழக அது ஒரு விரற்கடை ஆனது. உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தது.

கை பிரேக் கம்பி அறுந்துபோய் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தபோது சவரிநாதன் கேட்டார்.

"ஏன் பாய், இதுக்கு இவ்வளவு பிரேக்கா?"

"நீங்க கம்பியை மாத்துங்க சவரி. பந்தயத்தை நான் பாத்துக்கிறேன். எங்க அத்தா எல்லைல திருப்பினா மாட்டுக்கு வேர்வைகூட வராது."

நஜிமுதீன் எதுவும் பழகவில்லை. மோரிஸைக் கழுவினார். அதோடு சரி.

ரோஷன் பேகத்துக்கு விஷயம் எப்போது தெரிந்தது என்று தெரியவில்லை. ஆனால் ஒரு நாள் கிழக்குவாசலுக்கு வந்து, "அண்ணே, அந்தப் பந்தயத்தைப் பத்தி வேற யார்கிட்டயாவது நல்லா ஒரு வார்த்தை விசாரிச்சுக்குங்களேன்" என்றார். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிதான் சொன்னார்.

"உன் புருஷன் அனுப்பினானா? பயந்துட்டானா?"

"நானாத்தான் வந்தேன்."

"போய்ச் சொல்லு, சந்தைக் கூட்டி வைக்கச் சொல்லி. என் வண்டிக்குத் தூசு ஆகாது."

ரோஷன் பேகம் திரும்பினார். "உங்களுக்கெல்லாம் நல்லா வேணும்" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நசீரா மட்டும், "என்ன மச்சி, என்ன விஷயம்?" என்று பின்னாலேயே நாலடி போனார் என்றும், மீரான் கூப்பிட்டதும் திரும்பிவிட்டார் என்றும் எதிர்வீட்டுச் சகாயம்மாள் சொன்னார்.

பந்தயத்துக்குத் தெருவே வேன் பிடித்துப் போனது. சவரிநாதன் முதல் பூசை பார்த்துவிட்டு ஓடி வந்து ஏறினார். நசீராவின் பிரியாணி ஒரு தேக்சா. ரோஷன் பேகத்தின் பிரியாணி ஒரு தேக்சா. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் வேனின் இரண்டு மூலையில் வந்தன.

அந்த இடத்தைப் பார்த்தால் பந்தயம் நடக்கிற இடம் மாதிரியே இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் பொட்டல். நடுவில் சிமெண்டு பட்டை ஒன்று வெயிலில் வெந்துகொண்டு கிடந்தது. இந்தக் கோடியில் கிளம்புகிற கோடு, கையில் கொடியோடு ஒரு அதிகாரி. அந்தக் கோடியில் முடிகிற கோடு, அங்கேயும் கொடியோடு ஒருவர். முடிகிற கோட்டுக்குச் சற்று முன்னால் ஓரமாக ஒரு தார் டிரம், அதன் மேல் சிவப்புத் துணி. கோடு வரப்போகிறது, பார்த்துக்கொள் என்பதற்காக வைத்தது. மீரான் அந்த டிரம்மைத் தூரத்திலிருந்து பார்த்தார். ஊர்க்காரனைப் பார்த்துவிட்டதைப் போல முகம் மலர்ந்தது.

மீசை வைத்த அதிகாரி ஒருவர் ஒலிபெருக்கியில் இங்கிலீஷில் விதிகளைச் சொன்னார். மீரான் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையை ஆட்டினார். நஜிமுதீன் பக்கத்தில் நின்று, ஆட்டுகிற தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெவ்வேறு வகை கார்களை ஜோடி சேர்க்க முடியாது என்று கிளப்காரர்கள் முதலில் சொன்னார்கள். நஜிமுதீன்தான் போய் இங்கிலீஷில் பேசிச் சம்மதிக்க வைத்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டோம். "குடும்ப விவகாரம்னு சொன்னேன். உடனே ஒத்துக்கிட்டாங்க. அவங்களுக்கும் குடும்பம் இருக்கும்ல?" என்றார்.

இவர்கள் முறை வருவதற்கு முன்னால் சில ஜோடிகள் ஓடின. போகும்போது காது கிழியும். போய்ச் சேர்ந்த கார்கள் பக்கத்துப் பாதை குண்டும் குழியுமாக இருந்ததால் ஓடிய பட்டையிலேயே மெதுவாகத் திரும்பி வந்தன. வந்தவர்களில் ஒருவர் சிகரெட் பற்றவைத்துக்கொண்டே வந்தார். மீரானுக்குப் பொறுக்கவில்லை.

"பாருங்க சவரி, போறப்ப என்ன வேகம்! வர்றப்ப கல்யாண ஊர்வலம் மாதிரி வர்றானுங்க. இவனுங்களுக்குத் திரும்பவும் தெரியல, வரவும் தெரியல. மெட்ராஸ்காரனுங்க!"

சவரிநாதன் அவரைப் பார்த்தார். அந்தக் கோடியில் இருந்த டிரம்மைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். "பாய், ஒரு நிமிஷம்" என்றார். மீரான் அதற்குள் தோல் தொப்பியை இழுத்துக் காதை மூடிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார்.

பாதிப் பேர் கிளம்புகிற கோட்டில் நின்றோம். மீதிப் பேர் முடிகிற கோட்டுக்குப் போய்விட்டார்கள். சிவப்பும் கறுப்பும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மீரான் பிஸ்மில்லாஹ் சொன்னார். நஜிமுதீனும் சொன்னார். கொடி விழுந்தது.

எம்.ஜி. போனதை நாங்கள் பார்க்கவில்லை, கேட்டோம். பார்க்கும்போது அது பாதித் தூரத்தில் இருந்தது. மோரிஸ் பிள்ளைத்தாய்ச்சி பஸ் ஏறுவதைப் போலப் பதனமாகக் கிளம்பியது. எங்கள் ஆட்கள் தொப்பியைத் தூக்கி எறிந்தார்கள். ரோஷன் பேகம் மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

இன்னும் கொஞ்சம் தூரம்தான் கோடு. மீரான் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் வண்டி தானாகப் போய்க் கோட்டைத் தாண்டியிருக்கும். ஆனால் டிரம் வந்துவிட்டதே! பிரேக்கை மிதித்தார். கை பிரேக்கை இழுத்தார். ஸ்டியரிங்கை ஒடித்தார். டயர் கதறியது, புகை எழும்பியது, சிவப்பு வண்டி டிரம்மை விரற்கடை இடைவெளியில் சுற்றி அப்படியே திரும்பியது. கோட்டில் கொடியோடு நின்றவர் அதைக் கீழே போட்டுவிட்டு ஓடினார் என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். அவ்வளவு அழகான திருப்பம் அந்தத் தளத்தில் அதற்கு முன்னும் நடந்திருக்காது, பின்னும் நடந்திருக்காது.

திரும்பி வருகிற வழியில் எதிரே மோரிஸ் வந்தது. மீரான் ஒரு கையைத் தூக்கி ஆட்டினார்.

"வீட்டுக்கு வாங்க மாப்ள, பேசிக்கலாம்!"

நஜிமுதீனும் மரியாதையாகக் கையை ஆட்டினார். அப்படியே போய்க்கொண்டிருந்தார்.

மீரான் கிளம்பிய கோட்டுக்கு வந்து சேர்ந்து, வண்டி நிற்பதற்குள் குதித்து, மீசை அதிகாரியைக் கட்டிப் பிடித்தார். அவர் திமிறினார். "ஜெயிச்சாச்சு! அத்தா, ஜெயிச்சாச்சு!" என்று மேலே பார்த்துக் கத்தினார். எங்கள் பக்கம் யாரும் கத்தவில்லை என்பது அவருக்குக் கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது. அந்தக் கோடியில் மோரிஸ் ஆடி அசைந்து கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. அங்கே கொடி அசைந்தது.

அதிகாரி இங்கிலீஷில் சொன்னார். மீரான் தலையை ஆட்டவில்லை. சவரிநாதன் தமிழில் சொன்னார்.

"பாய், நீங்க கோட்டைத் தாண்டல. இது போறதோட சரி. வர்றது கிடையாது."

"வர்றது கிடையாதா? அதென்ன பந்தயம்?"

நஜிமுதீன் நிதானமாகத் திரும்பி வந்து இறங்கினார். மீரான் போய் அவர் சட்டையைப் பிடித்தார். பித்தான் இரண்டு தெறித்தன.

"போக வரன்னு கேட்டேனேடா! வரணும்னு சொன்னியே!"

"போனவங்க வரணும்னு சொன்னேன் மச்சான். இதோ நானும் வந்துட்டேன்ல?"

"நாய்க்குப் பொறந்தவனே!"

"என் அத்தாவைச் சொல்றதா இருந்தா உங்க தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தப்பவே சொல்லியிருக்கணும்."

நாலு பேர் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது. பந்தயத்தை மறுபடி நடத்துங்கள் என்று மீரான் கேட்டார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நஜிமுதீன் சட்டையைத் தடவிக்கொண்டே, "பேச்சு மாறக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. போறது மட்டும்தான் பந்தயம். வர்றது இதுல சேர்த்தி இல்ல. வேணும்னா சவரிநாதனைக் கேளுங்க" என்றார்.

சவரிநாதன் யாரையும் பார்க்காமல் கேட் சாவியை எடுத்து நஜிமுதீன் கையில் வைத்தார். "கோட்டைத் தாண்டினவர் அவர்தான் பாய்" என்றார். இரண்டு தேக்சா பிரியாணியும் திறக்கப்படாமலே ஊருக்குத் திரும்பி வந்தன. எங்களுக்கு அதில்தான் ரொம்ப வருத்தம்.

அதற்கப்புறம் எங்கள் தெரு மீரானை விட்டு வைத்ததா? முடி வெட்டப் போனால், "முன்னால மட்டுமா பாய், பின்னாலயும் வரணுமா?" என்றார்கள். டீக்கடையில் கிளாஸை வைத்தால், "போனது போதுமா, இன்னொண்ணு வரட்டுமா?" என்றார்கள். மணப்பாறை பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், பாலக்கரைக்காரன்தான், டிக்கெட்டைக் கிழிக்காமல் "போக வரவா?" என்று கேட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டு சிரித்தான். மீரான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாத மீரானை நாங்கள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பார்க்கக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை நஜிமுதீன் மோரிஸைச் சந்துக்குள் விட முகூர்த்தம் குறித்தார். புதுச் சட்டை போட்டு, அத்தர் பூசி, கேட்டைத் திறந்து, வண்டியை உள்ளே கொண்டுபோய் நிறுத்தினார். மீரான் தன் வாசலில் நின்று பார்த்தார். கேட்டைப் பிடித்துக்கொள்ளக்கூட உதவினார். "இன்னும் கொஞ்சம் உள்ள போகட்டும் மாப்ள, கொல்லை வரைக்கும் போகலாம்" என்றார். நாங்களெல்லாம் ஆளுக்காள் பார்த்துக்கொண்டோம்.

மோரிஸ் போய் நின்றது. நஜிமுதீன் கேட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜும்ஆவுக்குப் போனார்.

திரும்பி வந்தபோது சிவப்பு எம்.ஜி. சந்தின் வாயில் குறுக்காக நின்றுகொண்டிருந்தது. மூக்கு ஒரு பக்கத்துச் சுவரைத் தொட்டது. வால் மறுபக்கத்து விளக்குக் கம்பத்தைத் தொட்டது. தெருப்பக்கத்துச் சக்கரம் இரண்டையும் காணோம். அந்த இடத்தில் செங்கல் அடுக்கியிருந்தது. சக்கரங்கள் தோல் மண்டி உத்தரத்தில் தொங்குவதாகப் பிற்பாடு தெரிந்தது.

"மச்சான், வண்டியை எடுங்க. சாயங்காலம் எனக்கு வெளிய போகணும்."

"தோத்தவன் வண்டி தெருவுல நிக்கணும்னு பேச்சு. நிக்குது."

"சந்து எனக்குன்னு ஆயிடுச்சு!"

"சந்து உங்களுக்குத்தான். யார் இல்லேன்னா? இது தெரு. முனிசிபாலிட்டியோடது."

"நான் எப்படி வெளிய வர்றது?"

மீரான் இதற்காகத்தான் ஒரு வாரம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். நிதானமாகச் சொன்னார்.

"போறதுக்குத்தானே மாப்ள பந்தயம்? போயாச்சு. வர்றது இதுல சேர்த்தி இல்ல. வேணும்னா சவரிநாதனைக் கேளுங்க."

முனிசிபாலிட்டியிலிருந்து ஒருவர் வந்தார். காரைப் பார்த்தார், செங்கல்லைப் பார்த்தார், நசீரா கொடுத்த டீயைக் குடித்தார். "குடும்ப விவகாரம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஐப்பசியில் மழை கொட்டியது. கித்தான் ஒரே ராத்திரியில் கந்தலானது. "அந்தப் பழைய தார்ப்பாயையாவது போட்டு மூடுங்க, பாக்க முடியல" என்று நசீரா சொன்னார். மீரான் வேண்டாம் என்றுவிட்டார். ஜன்னலில் நின்று, இரண்டு சீட்டிலும் தண்ணீர் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை விட்டதும் வெள்ளைச்சாமியின் ஆடுகள் வந்து ஏறிக்கொண்டன. இந்தத் தடவை அவர் துணியை நனைத்துக்கொண்டு வரவில்லை. உள்ளே மோரிஸின் பின்சீட்டில் ரோஷன் பேகத்தின் கோழி அடைகாத்தது. அண்ணன் வாசலுக்கு அவர் போவதில்லை, புருஷனிடம் அதிகம் பேசுவதில்லை. முட்டையை மட்டும் நசீராவுக்கு முறத்தில் வைத்து அனுப்புவார்.

தினமும் காலையில் நஜிமுதீன் கொல்லை வழியாகச் சந்துக்குள் போய் மோரிஸில் உட்கார்ந்து ஹார்னை அடிப்பார். மீரான் ஜன்னலைத் திறந்து, "யாரது?" என்பார். ஹார்ன் நாளாக நாளாக மெலிந்தது. ஒரு நாள் முனகியது. அப்புறம் அதுவும் இல்லை.

இப்போது நஜிமுதீன் கம்பெனிக்கு ஜட்கா வண்டியில்தான் போகிறார். மேற்குவாசல் வழியாக வெளியே வந்து, குடையை மடித்து, ஏறி உட்கார்ந்து, எல்லோரையும் போல உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறார்.

"போயிட்டு வரேன்."

ரோஷன் பேகம் பதில் சொல்வதற்குள் கிழக்கு ஜன்னல் திறக்கிறது.

"வரேன்னுதானடா சொல்ற? அன்னிக்கும் அதைத்தானே நான் கேட்டேன்!"